காற்றில் வந்த அளவுகோல்

பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாண நகரைவிட்டு இறங்குகிறவருக்கு முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. கோட்டைக் கொத்தளத்தில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். நிர்வாகப்படி அது வேலணைப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. பத்திரத்துக்கும் உத்தியோகத்துக்கும் கடைசிப் படி கொழும்புதான். வானொலி அலைகளின் கணக்கு வேறு. நேர்கோட்டில் அளந்தால் மண்டைதீவிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், தூத்துக்குடி 225, திருச்சிராப்பள்ளி 190. தூத்துக்குடிக் கோடு இராமேசுவரத்தை உரசிக்கொண்டு பெரும்பாலும் கடல்மேலேயே வருகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மத்திய அலை தரையின்மேல் போவதைவிடக் கடலின்மேல் மிகக் குறைந்த இழப்போடு போகும். தீவகத்து றேடியோக்களில் தமிழ்நாட்டு நிலையங்கள் பட்டப்பகலிலும் திடமாகக் கேட்டதற்கு இதுதான் காரணம். அதற்கு அரசியலோ ரசனையோ முதற்காரணமல்ல. இந்தப் புவியியலை முன்வைத்து நான் சொல்ல வருவது இது: ஒரு கருவி விநாடிக்கு எத்தனை தரம் அதிர்கிறது, அதாவது அதன் மீடிறன் என்ன, என்பதை அளக்கும் விலைகூடிய சாதனம் எதுவும் இந்தக் கரைக்கு வராத காலத்திலும் அளவுகோல் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. காசில்லாமல், கடல் கடந்து. இன்று சில ஆயிரம் ரூபாவுக்கு மீடிறன் கவுண்டர் கிடைக்கிறது. பொதுமக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹேர்ட்ஸ் சிபி றேடியோவை ஒழுங்குபடுத்த எந்தக் கவுண்டரை வாங்கலாம் என்று கேட்பவருக்கு விலைப்பட்டியலைவிட அந்தப் பழைய பழக்கம் நல்ல பதில் தரும் என்பது என் கட்சி.

இலங்கையில் ஒலிபரப்பு தொடங்கிய விதமே கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய கதைதான். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலி உதிரிகளைக்கொண்டு அமைத்த கருவியால் 1923இல் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். முறையான சேவை 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின் பின் ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலைக் கருவி முதலில் நேச நாட்டுப் படைகளுக்காகவும், 1949இலிருந்து இலங்கை வானொலியின் பெயரிலும் ஆசியா முழுவதும் கேட்டது. எதிர்க்கரையில் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. ஆக, தமிழ்நாட்டுக்காரர் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தார்கள், யாழ்ப்பாணத்தார் திருச்சியைக் கேட்டு வளர்ந்தார்கள். இரண்டு கரைக்கும் அடுத்த வீட்டுப் பாட்டுத்தான் இனித்தது. பாட்டும் நாடகமும் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பாட்டைச் சுமந்துவந்த காவியலையைப் பற்றி எழுதப்படவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா முழுவதிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸின் மடங்குகளுக்கு மாற்றப்பட்டன. சென்னை 720, அதாவது 9இன் 80 மடங்கு. புத்தளத்திலிருந்து ட்ரான்ஸ் வேர்ல்ட் றேடியோ 882, 98 மடங்கு. திருச்சி 936, 104 மடங்கு. தூத்துக்குடி 1053, 117 மடங்கு. திருநெல்வேலி 1197, 133 மடங்கு. சர்வதேச விதிப்படி இந்த நிலையங்கள் தம் எண்ணிலிருந்து 10 ஹேர்ட்ஸுக்குமேல் விலகக்கூடாது. 936 கிலோஹேர்ட்ஸில் 10 ஹேர்ட்ஸ் என்பது ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கு. மீடிறன் விஷயத்தில் ஒலிபரப்பு நிலையம் பொய் சொல்லாது. செய்தியறிக்கை வேறு விஷயம்.

இந்த எண்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்பெறுமதி இருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால் புது றேடியோ வாங்குவது எட்டாக்கனி. இருக்கிற பெட்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழி. திருத்துகடைகளின் மதிப்பு அப்படி ஏறியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானியப் பெட்டிகள் குவிந்த பிறகும் அந்த மதிப்பு உடனே இறங்கவில்லை. காரணம், தீவகத்துக் காற்று. உப்புக்காற்று பட்ட இடமெல்லாம் கறள் பிடிக்கும். நிலையத்தைத் தெரிவுசெய்யும் குமிழோடு சேர்ந்து சுழலும் கொண்டென்சரின் தகடுகளுக்கிடையில் ஈரமும் தூசும் படியும்; சுருள்களுக்குள் இருக்கும் பெறைற்று உள்ளகம் அசையும். விளைவு, முள் 936இல் நிற்க, திருச்சி 960இல் கேட்கும், அதுவும் கம்மலாக. கருவிப்புத்தகம் இதற்குச் சொல்லும் மருந்து சமிக்ஞைப் பிறப்பாக்கி. அது ஒரு திருத்துகடையின் பல மாத வருமானத்தை விழுங்கும் விலையில் இருந்தது. கடைக்காரர் செய்தது வேறு. முதலில் 455 கிலோஹேர்ட்ஸில் நிற்கவேண்டிய இடைமீடிறன் சுருள்களை, மெலிந்து கேட்கும் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, ஒலி உச்சத்துக்கு ஏறும்வரை ஒவ்வொன்றாகத் திருகுவார். பிறகு முள்ளின் கீழ்முனையில் சென்னையைப் பிடித்து, பெட்டிக்குள்ளேயே அலை பிறப்பிக்கும் உள்ளக அலையத்தின் சுருளைத் திருகி 720இல் நிறுத்துவார். மேல்முனையில் திருநெல்வேலியைப் பிடித்து அங்கே சுருளைத் தொடாமல் சின்னக் கொண்டென்சரை மட்டும் திருகி 1197இல் நிறுத்துவார். மேல்முனையைச் சரிசெய்தால் கீழ்முனை சற்று நகரும். திரும்பக் கீழே வருவார். மறுபடி மேலே போவார். மூன்று நான்கு சுற்றில் இரண்டும் அமர்ந்துவிடும். இடையில் 882உம் 936உம் தாமாகவே தம் இடத்தில் வந்து நின்றால் வேலை சரி. திருகுவதற்கு இரும்புத் திருப்புளி ஆகாது. இரும்பு கிட்டப்போனாலே மீடிறன் நகரும். கையை எடுத்ததும் திரும்ப ஓடும். மூங்கில் குச்சியையோ பிளாத்திக்குத் துண்டையோ முனை சீவி வைத்துக்கொண்டு திருகி, முடிந்ததும் உள்ளகம் அசையாமல் ஒரு சொட்டு மெழுகு விட்டால் பெட்டி வீட்டுக்குப் போகலாம்.

இதை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மீடிறனை அளப்பதன் சாரமே ஒப்பிடுவதுதான். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றைத் தீர்மானிப்பது. இரண்டு அதிர்வுகள் நெருங்கினால் அவற்றின் வித்தியாசம் தனி ஒலியாகக் கேட்கும். வித்தியாசம் குறையக் குறைய அந்த ஒலி தாழ்ந்து, கடைசியில் ஏறி இறங்கும் மூச்சுப்போல ஆகி, அற்றுவிடும். தவிற்கச்சேரிக்கு முன் நாதஸ்வரத்தின் சீவாளியைச் சுருதிக்குச் சேர்ப்பவர் கேட்பதும் அந்த அடிப்புகளைத்தான். உலகின் மிகப் பணக்கார இராணுவமும் இதே வேலையைத்தான் செய்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பெருந்தொகையாகப் பயன்படுத்திய பி.சி.-221 என்ற மீடிறன்மானி 125 கிலோஹேர்ட்ஸிலிருந்து 20 மெகாஹேர்ட்ஸ் வரை அளக்கும். அதற்குள் 1,000 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று சாட்சியாக இருக்கும். இயக்குபவர் காதில் ஹெட்போனை மாட்டி அடிப்பு அற்றுப்போகும் புள்ளியைத் தேடுவார். முள் காட்டும் எண் தனியே எந்த மீடிறனையும் சொல்லாது. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென்றே தனியாக அளந்து அச்சிட்ட ஒரு புத்தகம் உண்டு. அதில் பார்த்தால்தான் மீடிறன் தெரியும். புத்தகம் தொலைந்தாலோ, வேறு கருவியின் புத்தகம் மாறி வந்தாலோ, பெட்டி வெறும் பெட்டிதான். போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட இக்கருவிகளை வாங்கியவர்கள் முதலில் கேட்ட கேள்வி தொடர் இலக்கமும் புத்தகத்தின் இலக்கமும் ஒன்றா என்பதே. கருவியின் பெறுமதி கருவிக்குள் இல்லை, அது எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்தில் இந்த உண்மை மிகக் கொடுமையான விதத்தில் சோதிக்கப்பட்டது. ஓகஸ்டில் படையினர் தீவகத்தைக் கைப்பற்றியபோது மண்டைதீவாரில் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தார்கள். மின்சாரம் நின்றது. வடக்குக்கு அனுப்பத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றறியும் இருந்தது. இருந்தும் றேடியோ நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த 6 வோல்ற்றை டயோட்டால் நேராக்கிக் கேட்டார்கள். பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் சிற்றலையில் வந்தன. இங்கேதான் மீடிறன் ஒரு வீட்டுப் பிரச்சினையாக மாறியது. சாதாரண றேடியோவின் உள்ளக அலையம், தனக்கு வரும் வோல்ற்றளவு ஏறி இறங்கினால் தன் மீடிறனையும் சற்று மாற்றிக்கொள்ளும். மத்திய அலையில் இது பெரும்பாலும் தெரியாது. 11 மெகாஹேர்ட்ஸ் சிற்றலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 11 கிலோஹேர்ட்ஸ். நிலையங்கள் 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்கிற இடத்தில் அது அடுத்த வீட்டையும் தாண்டிய தூரம். பெடல் சுற்றுகிறவர் களைத்து வேகம் குறைந்தால் செய்தியாளரின் குரல் வழுகி இரைச்சலுக்குள் போய்விடும். வேகம் கூடினால் மறுபக்கம் போகும். பெரிய கொண்டென்சர் ஒன்றைக் குறுக்கே போட்டும், கிடைத்தால் ஒரு செனர் டயோட்டைப் போட்டும் இந்த ஆட்டத்தைக் குறைத்தார்கள். அது இல்லாத வீட்டில் பெடலை ஒரே சீராகச் சுற்றத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த நேரம் மதிப்பு. கவுண்டரும் இல்லை, சமிக்ஞைப் பிறப்பாக்கியும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஐந்து ஆண்டுகள் பெட்டிகள் தம் நிலையங்களில் நின்றன. நிறுத்தியது காற்றில் வந்த குரல்தான்: அது எங்கே கேட்கவேண்டுமோ அங்கே கேட்கும்வரை திருகினார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேலே சொன்னதெல்லாம் அலையை வாங்கும் பெட்டிகளின், அதாவது வாங்கிகளின், கதை. வாங்கி வழுகினால் நட்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டும். அனுப்பும் கருவி வழுகினால் நட்டம் அடுத்தவருக்கு. காதால் கேட்டுத் திருகிய பழக்கத்தை அனுப்பும் கருவிக்குப் பொருத்தலாமா? நியாயமான கேள்வி. வடக்கில் போர்க்காலத்தில் அனுப்பும் கருவியை வைத்திருப்பது உயிரோடு விளையாட்டு. ஆகவே அந்தத் தொழிலறிவு முழுவதும் வாங்கிப் பக்கத்திலேயே வளர்ந்தது என்பதும் உண்மை. இலங்கையில் இன்றும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுப்பும் கருவிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்தியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 26.957 முதல் 27.283 மெகாஹேர்ட்ஸ் வரை, 5 வாற்றுக்கு மேற்படாமல், அனுமதிப்பத்திரம் இன்றிச் சிபி பயன்படுத்தலாம். அமெரிக்கா 1958இல் 27 மெகாஹேர்ட்ஸில் பொதுமக்களுக்கு 23 சனல்களைத் திறந்துவிட்டது. லொறிச் சாரதிகளிடையே அது காட்டுத்தீயாகப் பரவியதும் 1977 ஜனவரியில் 40 சனலாக்கியது, 26.965இலிருந்து 27.405 வரை. உலகச் சந்தையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் இந்த 40 சனல் பெட்டிகளே. சனல் எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தால் இந்திய விதியின் எல்லைக்குள் அடங்குவது 27ஆம் சனலான 27.275 வரைதான், 28ஆம் சனல் 27.285, வேலிக்கு வெளியே. பெட்டியின் குமிழ் இந்த வேலியை அறியாது. ஆகவே அனுப்புபவர் தன் மீடிறனை அறிந்திருக்கவேண்டும், காது மட்டும் போதாது, கவுண்டர் தேவை. மறுப்பின் இந்தப் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். மறுபாதியை, அதாவது கவுண்டர் வந்தபின் காற்றில் வரும் சாட்சி தேவையில்லை என்பதை, ஏற்க முடியாது.

கவுண்டர் செய்வது மிக எளிய வேலை. ஒரு கதவை மிகச் சரியாக ஒரு விநாடி திறந்துவைத்து, உள்ளே நுழையும் அலைகளை ஒன்று இரண்டு என்று எண்ணிக் காட்டுகிறது. ஹியூலெட்-பக்கார்ட் 1950களின் தொடக்கத்தில் விற்ற 524ஏ 10 மெகாஹேர்ட்ஸ் வரை இப்படி எண்ணியது. முன்பு பல நிமிடம் பிடித்த அளவீடு விநாடிக் கணக்கில் முடிந்தது. விலை ஆய்வுகூடங்களுக்கே உரியது. 1970களின் இறுதியில் இன்டர்சில் நிறுவனத்தின் ஐ.சி.எம். 7216 போன்ற ஒற்றைச் சில்லு இந்த வேலையை எட்டு இலக்கத்தோடு மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு நுண்கட்டுப்படுத்திச் சில்லு, ஒரு கிறிஸ்டல், ஐந்து எண்விளக்கு, முடிந்தது கவுண்டர். பிரச்சினை அந்தக் கதவில் இருக்கிறது. கதவு சரியாக ஒரு விநாடி திறந்திருந்ததா என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மலிவான கிறிஸ்டல். அது பத்து இலட்சத்தில் 10 பங்கு பிழைத்தால், 10 மெகாஹேர்ட்ஸில் 100 ஹேர்ட்ஸ் பிழை. சிபியின் 19ஆம் சனலான 27.185இல் 272 ஹேர்ட்ஸ் பிழை. விளக்கோ எட்டு இலக்கத்தையும் ஆடாமல் அசையாமல் காட்டும். திருத்துகடையில் இதைவிட ஆபத்தான பொய் கிடையாது, ஏனென்றால் அது மெய்போலவே ஒளிரும். காதால் திருகியவருக்குத் தன் எல்லை தெரியும். கடைசி இலக்கம்வரை பார்த்துத் திருகுகிறவருக்குத் தெரியாது.

அமெரிக்க விதியே சிபிக்குப் பத்து இலட்சத்தில் 50 பங்கு விலகலை அனுமதிக்கிறதே, அதாவது 27.185இல் ஏறக்குறைய 1,360 ஹேர்ட்ஸ். 272 ஹேர்ட்ஸுக்கு ஏன் இந்தப் பாடு என்று ஒருவர் கேட்கலாம். வீச்சுப் பண்பேற்றத்தில் பேசுகிறவருக்கு இது சரியான கேள்வி. அவருக்கு ஐந்திலக்கக் கவுண்டரே போதும், சொல்லப்போனால் கவுண்டரே தேவைப்படாது. ஒற்றைப் பக்கப்பட்டையில் பேசுகிறவருக்கு நிலைமை வேறு. அங்கே காவியலை அனுப்பப்படுவதில்லை; வாங்கி அதைத் தானே பிறப்பிக்கவேண்டும். இரண்டு பெட்டிகளுக்கும் 50 ஹேர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் குரல் சற்று இயற்கையற்றுக் கேட்கும். 100ஐத் தாண்டினால் பேசுகிறவர் யாரென்று பிடிபடாது. 300இல் சொற்களே கலைந்துவிடும். 272 ஹேர்ட்ஸ் பிழையுள்ள கவுண்டரை நம்பிப் பெட்டியை ஒழுங்குபடுத்தியவர், அதுவரை சுமாராகக் கேட்ட குரலைத் தன் கையாலேயே கெடுத்துவிடுகிறார். 40 சனல் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் எல்லாச் சனல்களும் 10.240 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்றிலிருந்தே பிறப்பதால், அங்கே திருகிய ஒரு பிழை நாற்பது சனலுக்கும் பகிர்ந்தளிக்கப்படும்.

இனி விலைப்பட்டியலுக்கு வரலாம். மிக மலிவானது பிக் 16எஃப்628 சில்லைக்கொண்ட ஐந்திலக்கக் கருவிப்பொதி. வொல்ஃப்காங் பியூஷர் என்ற ஜேர்மன் அமெச்சூர் வானொலியாளரின் வடிவமைப்பைப் பின்பற்றிச் சீனத்தில் பெருந்தொகையாகச் செய்யப்படுவது. 27.185 என்று காட்டும், அதற்குமேல் ஒன்றும் காட்டாது. ஒரு கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே அது குருடு. சனல் பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்கவும், கிறிஸ்டல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் நல்லது. அதற்கு மேற்படியில் பி.எல்.ஜே. வகைத் தட்டுகள் ஆறு அல்லது எட்டு இலக்கத்தில் கிடைக்கின்றன. இவற்றில் பார்க்கவேண்டியது இலக்கங்களின் எண்ணிக்கையல்ல, நேரக் கிறிஸ்டலைத் திருகிச் சரிசெய்ய ஒரு சின்னக் கொண்டென்சர் இருக்கிறதா என்பதே. சேர்கொம் எஸ்.எஃப். 401 போன்ற கைக்கருவிகள் கம்பி தொடாமல் அன்ரனாவால் பிடித்து அளப்பவை. வசதிதான், ஆனால் அவை 27 மெகாஹேர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. சிபியின் முதல் சனல் 26.965. பெட்டிக்குள் இருக்கும் 10.240ஐ அளக்க அவை அறவே உதவா. மேசைக் கருவிகளில் வெளியிலிருந்து 10 மெகாஹேர்ட்ஸ் சமிக்ஞையை ஏற்கும் துளையுள்ள பழைய கருவி ஒன்று கைமாறிக் கிடைத்தால் அது புதிய கைக்கருவி பத்துக்குச் சமம். அளக்கும் முறையும் கருவியளவு முக்கியம். 4 வாற்றை நேரே கவுண்டரின் வாயில் விட்டால் முதற்படிச் சில்லு கருகும். அன்ரனாவுக்குப் பதிலாக 50 ஓம் பொய்ச்சுமையில் பெட்டியை விட்டு, அருகில் இரண்டு சுற்றுக் கம்பி வளையம் வைத்தால் போதும். ஒற்றைப் பக்கப்பட்டையில் பேசிக்கொண்டே அளந்தால் எண் பேயாட்டம் ஆடும். வீச்சுப் பண்பேற்றத்துக்கு மாற்றி, வாய் திறக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தவேண்டும். உள்ளே கிறிஸ்டலில் நேரே கம்பியைத் தொட்டால் அந்தத் தொடுகையே மீடிறனை இழுத்துவிடும். மூங்கில் குச்சி காலத்துப் பாடம் இங்கேயும் மாறவில்லை.

எந்தக் கவுண்டரானாலும் வாங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை அதன் கிறிஸ்டலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. இதற்கு மத்திய அலை நிலையம் போதாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 10 ஹேர்ட்ஸ் விலகல் என்பது காகிதத்தில் மலிவுக் கிறிஸ்டலின் பிழைக்குச் சமம். பெரிய நிலையங்கள் நடைமுறையில் அதைவிட நன்றாகவே நிற்கும், ஆனால் அதை நம்பித் தீர்ப்பெழுத முடியாது. வாங்கியைத் திருத்தப் போதுமான சாட்சி, கவுண்டரைத் திருத்தப் போதாது. அதற்கென்றே வேறு நிலையங்கள் உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. 1923இலிருந்து நியம மீடிறனை ஒலிபரப்பி வருகிறது. டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியில் 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் பல காலம் ஒலிபரப்பியது, சீனாவின் பி.பி.எம். 2.5, 5, 10, 15இல் ஒலிபரப்புகிறது. சிற்றலை வாங்கியை 10 மெகாஹேர்ட்ஸில் வைத்து, கவுண்டரின் 10 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலிலிருந்து கசியும் அலையை அன்ரனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இரண்டும் மோதி அடிப்பு எழும். கொண்டென்சரை மெல்லத் திருகினால் சீழ்க்கை தாழ்ந்து உறுமலாகி, காதுக்கு எட்டாத 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகும். காது அங்கே தோற்கும் என்பார்கள், தோற்காது. நிலையத்தின் ஓசையே மெல்ல வீங்கி வற்றுவதைப் பார்த்து விநாடிக்கு ஒரு வீக்கம், இரண்டு விநாடிக்கு ஒன்று என்று எண்ணலாம். விநாடிக்கு ஒன்றானால் பிழை கோடியில் ஒரு பங்கு. 27 மெகாஹேர்ட்ஸில் 3 ஹேர்ட்ஸுக்குள். அயனமண்டலம் மேலும் கீழும் அசைவதால் சிற்றலையே சிறிது நகரும் என்ற ஆட்சேபமும் உண்டு. உண்மைதான், அந்த நகர்வும் பொதுவாக இந்த அளவுக்குள்தான். ஒற்றைப் பக்கப்பட்டைக்கு 20 ஹேர்ட்ஸ் துல்லியம் தாராளமாகப் போதும். விடிந்து நெடுநேரமான பின்போ நள்ளிரவிலோ, அலை அமைதியாக இருக்கும் வேளையில் செய்தால் இன்னும் நல்லது.

கைப்பேசி வந்தபின் சிபி எதற்கு என்று கேட்பவருக்கு மண்டைதீவை வைத்துப் பதில் சொல்ல நான் முயலப்போவதில்லை. தீவைச் சுற்றியுள்ள பரவைக்கடல் ஆழங்குறைந்தது. நண்டுக்கும் இறாலுக்கும் வலைவைத்துத் திரும்புகிறவரின் மடியில் கைப்பேசி இருக்கிறது, அதற்குச் சமிக்ஞையும் இருக்கிறது. 27 மெகாஹேர்ட்ஸின் தேவை கோபுரத்தின் எட்டுதூரத்துக்கு அப்பால் போகும் வள்ளங்களுக்கும், அவுஸ்திரேலியாவில் 27.88ஐ ஆபத்து மீடிறனாகக் கேட்டிருந்த கரையோரப் படகுகளுக்கும், நெடுஞ்சாலை லொறிகளுக்கும் உரியது. மண்டைதீவின் பங்கு வேறு. சொந்தமாக ஒரு நியமமும் இல்லாத கரை, எதிர்க்கரையின் நியமத்தை வைத்தே அரை நூற்றாண்டு தன் கருவிகளைச் சரியாக வைத்திருக்க முடியும் என்பதற்கு அது இருந்த இடமே ஆதாரம்.

அந்த எதிர்க்கரைச் சாட்சிகள் இப்போது குறைந்துவருகின்றன. மத்திய அலை கேட்பவர் அருகிவிட்டார்கள். ஒலிபரப்பு பண்பலைக்கும் எண்மத்துக்கும் நகர்கிறது. சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அதனால் வாதம் தளர்வதில்லை, சாட்சி மட்டும் இன்னும் உயரத்துக்குப் போயிருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. மலிவான ஜிபிஎஸ் தட்டு ஒன்று விநாடிக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. அந்தத் துடிப்பையே கவுண்டரின் கதவாக வைத்தால் கிறிஸ்டலை நம்பவேண்டிய தேவையே இல்லை, 27 மெகாஹேர்ட்ஸில் பிழை ஓரிரண்டு ஹேர்ட்ஸ்தான். கவுண்டரே வேண்டாம் என்பவருக்கு, வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிறிஸ்டலோடு வரும் ஆர்.டி.எல். மென்பொருள் வாங்கி பத்து இலட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில், அதாவது 27 ஹேர்ட்ஸுக்குள், அலையைத் திரையில் கோடாகவே காட்டிவிடும். கையில் உள்ள காசு ஐந்திலக்கக் கருவிப்பொதிக்கும் ஒரு ஜிபிஎஸ் தட்டுக்கும் மட்டும் போதுமென்றால், என் தெரிவு ஜிபிஎஸ் தட்டும் பழைய திருத்துகடை ஒன்றில் கிடக்கும் எட்டிலக்கக் கவுண்டரும். வாங்கியபின் ஒன்று: மின்னைப் போட்டு அரை மணித்தியாலம் சூடேறவிடாமல் எந்தக் கவுண்டரின் கொண்டென்சரையும் தொடவேண்டாம். குளிர்ந்த கிறிஸ்டலில் திருகியது சூடேறியதும் நகர்ந்துவிடும். பிறகு செய்மதியே சாட்சி சொன்னாலும் அந்த எண் நிற்காது.